விழுந்ததும் உட்கார்ந்ததும்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். அண்ணி பிசியோதெரபிஸ்ட். நாத்தனாருக்கு ஆய்வுப் பிரிவில் புள்ளியியல் வேலை. காலேஜில் அந்தப் படிப்புக்குச் சேர்ந்த அன்றே அண்ணன் அவளுக்குப் 'புள்ளி' என்று பெயர் வைத்துவிட்டான். அண்ணி கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளிலிருந்து அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அந்த மருத்துவமனையின் நான்கு லிஃப்டுகளும் அவன் பொறுப்பு என்பதால், வீட்டில் நடக்கும் சண்டைகளின் தொடர்ச்சியை வேலை செய்யும் இடத்திலும் பார்க்கும் கொடுப்பினை தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது என்பான். மூவரும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் இருந்தார்கள். புள்ளிக்கு மேல்வீடு. ஆனால் அடுப்பு ஒன்றுதான், அது அண்ணி வீட்டில் இருந்தது.

மருத்துவமனையின் தரைத்தளத்தில், நடைபாதையின் கோடியில் இருந்த பெரிய அறையில் செவ்வாயும் வெள்ளியும் அண்ணி ஒரு வகுப்பு நடத்தினாள். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கானது. தரையில் ஒட்டிய சிவப்பு டேப் மேல் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு சேர்த்துவைத்து நடப்பார்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவார்கள். ஒற்றைக்காலில் நின்று இருபது எண்ணுவார்கள். பன்னிரண்டிலேயே இன்னொரு காலை ஊன்றிவிட்டு இருபது என்று சொல்பவர்களை அண்ணி கையும் களவுமாகப் பிடிப்பாள். ஆறு வருடமாக அவள் உயிரைக் கொடுத்து நடத்திய வகுப்பு அது.

"என் கிளாஸுக்கு வர்றவங்க விழவே மாட்டாங்க" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. ஒருநாள் சாப்பிடும்போது அது எப்படித் தெரியும் என்று புள்ளி கேட்டாள். பார்த்தால் தெரியாதா என்றாள் அண்ணி. விழுந்தவர்கள் வகுப்புக்கு வருவதையே நிறுத்தியிருந்தால் உங்கள் கண்ணில் எப்படிப் படுவார்கள் என்று புள்ளி திருப்பிக் கேட்டாள். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். அப்படியானால் நீயே எண்ணிப் பார், எனக்கென்ன பயம் என்றாள். அந்த ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

புள்ளிதான் திட்டம் எழுதினாள். நூற்றிருபது பேர். யாருக்கு வகுப்பு, யாருக்கு வெறும் துண்டுப் பிரசுரம் என்பதை ஒட்டிய கவர்களில் போட்டுக் குலுக்கினார்கள். அண்ணிக்குப் பிடித்தவர், புள்ளிக்குத் தெரிந்தவர் என்ற பேச்சே வரக்கூடாது அல்லவா. அறுபது பேர் ஆறு மாதம் வகுப்புக்கு வந்தார்கள். மற்ற அறுபது பேர் வழுக்காமல் நடப்பது எப்படி என்ற பிரசுரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வகுப்பில் ஒவ்வொரு வாரமும் அண்ணியே யார் யார் விழுந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். பிரசுரக்காரர்களை மூன்றாம் மாதம் ஒருமுறையும் ஆறாம் மாதம் ஒருமுறையும் அலுவலகத்தில் இருந்த டெலிபோன் அக்கா கூப்பிட்டுக் கேட்டாள். அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை. இது போதும் என்று முடிவுசெய்ததும் புள்ளிதான்.

கணக்கு முடிந்த அன்று அவள் மூன்று தடவை சரிபார்த்தாள். வகுப்புக்கு வந்தவர்கள் நாற்பத்துமூன்று முறை விழுந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் பத்தொன்பது முறை.

மருத்துவமனையில் முடிவைச் சொல்லும் கூட்டத்துக்கு முன்னால் நடைபாதையில் அண்ணியை நிறுத்திச் சொன்னாள். அண்ணி சிரித்தாள். "கிளாஸு, பிரசுரம்ங்கிற தலைப்ப மாத்திப் போட்டிருப்ப, பாரு" என்றாள். மாறவில்லை என்று புள்ளி சொன்னபோதும் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டுத்தான் போனது.

மருத்துவமனையின் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. இதுவே ஒரு மாத்திரையாக இருந்து, சாப்பிட்டவர்கள் இரண்டு மடங்கு அதிகமாக விழுந்திருந்தால் இன்றைக்கே நிறுத்தியிருப்பேன், வகுப்புக்கு மட்டும் வேறு நியாயமா என்று கேட்டார். வகுப்பை நிறுத்திவைத்தார்கள். அந்த அறையை ஸ்கேன் எடுக்க வருபவர்கள் காத்திருக்கக் கொடுக்கலாமா என்ற பேச்சும் அதே கூட்டத்திலேயே எழுந்தது.

அண்ணி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் புள்ளிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மேல்வீட்டுக்குச் சாப்பாட்டு டப்பா வழக்கம்போல வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்ற கேள்வியும் வந்தது. அதைத் தவிர வேறு ஒரு சொல் இல்லை. இரண்டு வாரம் இப்படியே போனது. மாடிக்கு வந்து நின்றும் கதவு மட்டும் திறக்காத லிஃப்டை நிறையப் பார்த்திருக்கிறேன், இதற்கு எந்தக் கருவியை எடுப்பதென்று தெரியவில்லை என்று அண்ணன் தங்கையிடம் புலம்பினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புள்ளி கீழ்வீட்டுக்கு வந்து நாளிதழைப் பிரித்தாள். பின்பக்க பால்கனியை அண்ணி சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். திடீரென்று பொத்தென்ற சத்தமும், பின்னாலேயே வாளி உருளும் சத்தமும் கேட்டன. புள்ளியும் அண்ணனும் ஓடினார்கள். அண்ணி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்க நுரை.

"விழுந்துட்டீங்களா அண்ணி?"

"விழல. கால் வழுக்குச்சு, உக்காந்துட்டேன்."

அந்தச் சாப்பாட்டுக் கேள்வியைத் தவிர, இரண்டு வாரத்தில் அவள் புள்ளியிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முழங்கை கன்றிப்போய்க் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. புள்ளி ஐஸ் எடுத்து வந்து துணியில் கட்டினாள். நல்ல அடிதான் விழுந்திருக்கிறது என்று அண்ணன் சொன்னதும் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இதெல்லாம் விழுந்ததுன்னு சொல்லுவாங்களா? உக்காந்ததுதான். கொஞ்சம் வேகமா உக்காந்துட்டேன், அவ்வளவுதான்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். புள்ளியும் சிரிக்க ஆரம்பித்தாள். பாதிச் சிரிப்பில் அது நின்றுபோனது. ஐஸ் உருகி மடியில் சொட்டுவதுகூடத் தெரியாமல் அண்ணியின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி, பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்று அண்ணி கேட்ட பிறகுதான் சுதாரித்தாள்.

மறுநாள் முதல் வேலையாக டெலிபோன் அக்காவிடம் போனாள். பிரசுரக்காரர்களைக் கூப்பிடும்போது சரியாக என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தாள். தாளில் இருந்ததைத்தான் கேட்டேன் என்றாள் அக்கா: கடந்த மூன்று மாதத்தில் விழுந்தீர்களா, ஆம் அல்லது இல்லை. பெரும்பாலும் இல்லை என்றுதான் சொன்னார்களாம். அதற்கப்புறம் கதை கதையாகச் சொன்னார்களாம். படியில் சறுக்கியதை, குளியலறையில் சுவரோடு சுவராக இறங்கியதை, கட்டில் தள்ளிப்போய்விட்டதை எல்லாம். அதை எழுதத் தாளில் இடம் இல்லை. இல்லை என்றுதானே சொன்னார்கள், இல்லை என்றே போட்டேன் என்றாள். அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. தாளைத் தயாரித்தது புள்ளி.

பிறகு வகுப்பு நோட்டை எடுத்துப் படித்தாள். அண்ணி தன் வகுப்பில் விழுவதை வெட்கப்படும் விஷயமாக வைக்கவே இல்லை. விழுந்தவர் எழுந்து நின்று எப்படி விழுந்தார், எந்தக் கால் முதலில் போனது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் எதைப் பிடித்திருக்கலாம் என்று ஆலோசனை சொல்வார்கள். கடைசியில் கைதட்டல். அந்தக் கைதட்டலுக்காகவே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சோபாவில் தடாலென்று உட்கார்ந்ததைக்கூட நாள், நேரத்தோடு பதிவுசெய்திருந்தார். ஒரு பக்கம் வாராவாரம் ஆசையாகக் கேட்டு வாங்கிய கணக்கு. இன்னொரு பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனில் முகம் தெரியாதவள் கேட்ட ஒற்றைக் கேள்வி.

வீட்டில் இருந்தவர்களில் எட்டுப் பேரைக் குலுக்கி எடுத்துப் புள்ளி நேரில் போய்ப் பார்த்தாள். தையல்காரர் ஒருவர் தான் விழவே இல்லை என்றார், முக்காலிதான் நகர்ந்துவிட்டதாம். அவர் மணிக்கட்டில் கட்டு இருந்தது. அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். முப்பத்தோரு வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கொடுத்த கேடயம் அவர் வீட்டு வரவேற்பறையில் இருந்தது.

"நான் விழல தங்கச்சி. தலை சுத்துற மாதிரி இருந்துச்சு. வண்டிய ஓரங்கட்டுற மாதிரி அப்படியே சுவரோரமா எறங்கிட்டேன்."

"மூணு தடவை ஓரங்கட்டினாரு" என்றது சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல். "ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரரு வந்துதான் தூக்கினாரு."

எட்டு வீட்டில் ஏழு வீடு இப்படித்தான் இருந்தது. அன்று மாலை புள்ளி எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னாள். கேட்கக் கேட்க அண்ணியின் முகம் மலர்ந்தது. டிரைவர் ஓரங்கட்டிய கதையை அவளே அண்ணனிடம் நடித்துக் காட்டினாள். பழையபடி மூன்று பேரும் பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே அண்ணி, மிச்சம் இருக்கும் ஐம்பத்திரண்டு பேரையும் இதேமாதிரி போய்க் கேட்டு, விட்டுப்போனதை எல்லாம் கணக்கில் சேர்த்துவிடு, பெரிய டாக்டர் வாயடைத்துப் போவார் என்றாள்.

சேர்க்க முடியாது என்றாள் புள்ளி.

அண்ணிக்குப் புரியவில்லை. புள்ளி விளக்கப் பார்த்தாள். இப்போது நான் விழுந்ததைத் தேடிக்கொண்டு போகிறேன். தேடிப் போகிறவளுக்குக் கிடைக்கும். தையல்காரரின் முக்காலியைக்கூட நான் விழுந்த கணக்கில் எழுதிவிடுவேன், ஏனென்றால் அப்படி எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. முதலில் ஒரு பக்கம் சாய்ந்திருந்த தராசை இப்போது மறுபக்கம் சாய்ப்பதாகத்தான் ஆகும்.

"அப்போ நாற்பத்துமூணு, பத்தொன்பதுன்னே இருக்கட்டும்கிறியா? என் கிளாஸ் போனா போகட்டும், அப்படியா?"

"அந்தக் கணக்கும் செல்லாதுன்னுதான் சொல்லப் போறேன்."

"நீ யார் பக்கம்னே எனக்குத் தெரியலடி."

"உங்க பக்கம்தான் அண்ணி. அதனாலதான் மாட்டேங்கிறேன். நாளைக்கு யாராவது வந்து இது நாத்தனார் போட்ட கணக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, உங்க ஆறு வருஷமும் போச்சு."

அண்ணி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவை எப்போதையும்விட அதிகச் சத்தத்தோடு கழுவப்பட்டன.

அடுத்த கூட்டத்தில் புள்ளி எழுந்து பேசியபோது அண்ணி கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கத்தையும் இரண்டு விதமாகக் கேட்டோம், அதனால் வந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது, இந்தத் தவறு என்னுடையது, வகுப்பினுடையதும் இல்லை, போனில் கேட்டவருடையதும் இல்லை என்று புள்ளி சொன்னாள். அதைச் சொல்ல அவள் முந்தைய நாள் முழுவதும் ஒத்திகை பார்த்திருந்தாள். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியென்றால் வகுப்பு நல்லதா என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"கெட்டதா?"

"அதுவும் தெரியாது. தெரிஞ்சுக்க ஒரு வருஷம் வேணும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தெரியாது என்று சொல்ல வந்தவரை நான் எதை வைத்து மறுப்பது என்று முணுமுணுத்தார். ஒரு வருடம் கிடைத்தது. அறையும் அதுவரை தப்பியது.

வெளியே வந்ததும் அண்ணி, தப்பு என்னுடையது என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டுமா, கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கக்கூடாதா என்று கடிந்துகொண்டாள். அப்படிக் கடிந்துகொண்டே புள்ளியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். லிஃப்டில் அண்ணன் நின்றிருந்தான். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கதவு திறந்துவிட்டது போலிருக்கிறதே என்றான்.

புதிய தாளை இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதினார்கள். விழுவது என்றால் என்ன என்று முதலில் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருந்த விளக்கத்தைப் புள்ளி படித்துக் காட்டினாள். இதை என் ஆட்களிடம் வாசித்தால் தூங்கிவிடுவார்கள் என்று அண்ணி தள்ளிவிட்டாள். பேனாவை வாங்கி அவளே எழுதினாள்: "நீங்களாக நினைக்காமல் உங்கள் உடம்பு தரைக்கோ தாழ்வான இடத்துக்கோ போய்விட்டதா? வழுக்கியது, சறுக்கியது, சுவரைப் பிடித்து இறங்கியது, சட்டென்று உட்கார்ந்தது எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிபடாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை." ஓரங்கட்டியதையும் சேர்த்துக்கொள் என்று அண்ணன் அறையிலிருந்து குரல் கொடுத்தான். கன்றிய இடம் ஆறிவிட்ட முழங்கையைத் தடவிக்கொண்டே அண்ணி, அப்படிப் பார்த்தால் நானும் அன்றைக்கு விழுந்துதான் இருக்கிறேன் என்று மெதுவாக ஒப்புக்கொண்டாள்.

இந்த முறை இருநூறு பேர். வகுப்பானாலும் பிரசுரமானாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி காலண்டர். விழுந்ததா, அடிபட்டதா, வெளியே போனதா என்று அன்றன்றைக்குக் குறி போட்டு மாதக் கடைசியில் தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களை டெலிபோன் அக்கா கூப்பிடுவாள். யார் எந்தப் பக்கம் என்பது அவளுக்குத் தெரியக்கூடாது. அண்ணி நோட்டில் எதையும் எழுதக்கூடாது. எத்தனை முறை விழுந்தார்கள் என்பது முதல் கேள்வி, எத்தனை பேருக்கு அடிபட்டது என்பது இரண்டாவது கேள்வி என்று, முடிவைப் பார்த்த பிறகு மாற்ற முடியாதபடி முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுப் பெரிய டாக்டரின் அலமாரியில் வைத்தார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. எந்தப் பக்கம் என்று சொல்லாதீர்கள் என்று அக்கா கெஞ்சினாலும், டேப் மேல் நடக்கும்போது என்று ஆரம்பித்து உளறியவர்கள் இருபது பேருக்கு மேல். அந்தப் பெயர்களை எல்லாம் புள்ளி தனியாகக் குறித்துவைத்தாள். பதினான்கு பேர் பாதியில் நின்றார்கள். அவர்கள் ஏன் நின்றார்கள் என்று ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார்கள். இரண்டு பேர் நடக்க முடிகிறது என்று மகள் ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். ஒருவர் இறந்துபோயிருந்தார், இதயக் கோளாறு. வகுப்பில் எப்போதும் முதல் ஆளாக வருபவர். அது தெரிந்த அன்று அண்ணி வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு, புள்ளியின் அறைக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

வருடக் கடைசியில் முடிவு வந்தது. வகுப்பில் விழுந்தது தொண்ணூற்றாறு முறை. பிரசுரத்தில் நூற்றுப் பதினெட்டு. புள்ளி அச்செடுத்த தாளோடு கீழே இறங்கிப் போனாள். அண்ணி எண்களைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். புள்ளி அவளை உட்காரவைத்துச் சொன்னாள். இந்த வித்தியாசம் சின்னது. இதே ஆய்வை இன்னொரு இருநூறு பேரிடம் செய்தால் இது மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று வரலாம், குறையவே இல்லை என்றும் வரலாம், ஏன், துளி அதிகம் என்றுகூட வரலாம். நாம் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா?" என்றாள் அண்ணி. அவள் குரலைக் கேட்கப் புள்ளிக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று இருந்தது. டாக்டரிடம் போகும் அளவுக்கு அடிபட்டவர்கள் பிரசுரத்தில் இருபத்தொன்று, வகுப்பில் ஒன்பது. வகுப்புக்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே போன நாட்களும் அதிகம். நிறைய நடந்தும் குறைவாக அடிபட்டிருக்கிறார்கள். ஆனால் அது இரண்டாவது கேள்வி, எண்களும் சின்னவை, அதைத் தலைப்பில் போட மாட்டேன், நம்பிக்கை தருகிறது என்று மட்டும் எழுதுவேன் என்றாள். அண்ணி தாளை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். அந்த ஒன்பது பேரும் எப்படி விழுந்தார்கள் என்ற விவரம் இருக்கிறதா, கையை ஊன்றத் தெரிந்துகொண்டதால்தான் அடி குறைந்ததா என்று கேட்டாள். அடுத்து அதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவளாகவே சொன்னாள். புள்ளிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காபி போடட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

பெரிய டாக்டர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். வகுப்பு தொடரட்டும், இன்னும் இரண்டு மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொண்டு அடிபடுவதையே முதல் கேள்வியாக வைத்து அடுத்த ஆய்வைச் செய்யுங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஸ்கேனுக்கு வருபவர்களுக்கு முதல் மாடியில் இடம் பார்த்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அடுத்த ஆய்வுக்கான தாள்களோடு புள்ளி வகுப்பு அறைக்குப் போனாள். புதிதாகச் சேர வந்த ஒரு பெரியவரும் அவர் மகளும் அண்ணியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். புள்ளி வாசலிலேயே நின்றாள்.

"விழவே மாட்டாருன்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் கம்மியா விழலாம். அதுவும் உறுதியாத் தெரியல. விழுந்தா பெருசா அடிபடாம இருக்கலாம்னு ஒரு நம்பிக்கை இருக்கு. எண்ணிக்கிட்டிருக்கோம். வெளியில தைரியமா நடப்பாரு, அதைக் கண்ணால பார்த்திருக்கேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். பெரியவர் சிவப்பு டேப்பைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எங்கிருந்து நடக்க ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டார். அண்ணி எழுந்து அவர் முழங்கைக்கு அருகில் கையை வைத்துக்கொண்டாள், தொடாமல். வாசலில் நின்ற புள்ளியைப் பார்த்ததும், அந்தப் பக்கம் வந்து நின்றுகொள், இவர் சாய்ந்தால் பிடிக்க ஆள் வேண்டும் என்றாள். புள்ளி தாள்களை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய் நின்றாள்.